கோயில் கதையைக் கேட்டு எழுதும் முறை: மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களுக்கான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய கோயில் எதுவென்றாலும் அதற்கொரு கதை உண்டு. கொக்கட்டிச்சோலையில் மரத்தை வெட்டியபோது இரத்தம் வடிந்தது. அமிர்தகழி மாமாங்கத்தில் இராமர் சிவனை வழிபட்டார். பாண்டிருப்புக்குத் திரௌபதை அம்மனைக் கொண்டுவந்தவர் தாதன். படித்தவர்கள் இவற்றைத் தொன்மம் என்பார்கள். ஊரில் ஐதீகம், பழங்கதை, அம்மாள் வந்த வரலாறு என்பார்கள். இந்தக் கதைகளைக் கேட்டுப் பதிவுசெய்ய விரும்பும் மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கோயில் சபையினருக்குமாக எழுதப்பட்டது இது.

பலர் சேகரிக்கிறார்கள். ஆனால் நிறையப் பதிவுகள் பயன்படாமல் போகின்றன. கதையை மட்டும் எழுதிக்கொண்டு, அதைச் சொன்னவர் யார், எந்தச் சடங்கோடு சேர்த்துச் சொன்னார், கேட்டவர்கள் யார், அந்தக் கதையால் யாருக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்பவற்றை விட்டுவிடுவதே காரணம். போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பசிபிக்கின் துரோபிரியண்ட் தீவுகளில் தங்கிக் கண்டதை வைத்து 1926இல் இதை எழுதினார்: தொன்மம் ஒரு சமூகத்தின் இன்றைய உரிமைகளுக்கும் வழக்கங்களுக்கும் சாசனமாக நிற்கிறது. குடிகள் எனும் தாய்வழிக் குலங்களும், கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரும் உள்ள நம் ஊர்க் கோயிலுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஒரு கோயில், ஒரு கதை

'மட்டக்களப்புத் தொன்மங்கள்' என்று பெரிதாகத் தொடங்காதீர்கள். ஒரு கோயிலை எடுங்கள், அந்தக் கோயிலின் ஒரே கதையை எடுங்கள். உங்கள் சொந்த ஊராக இருந்தால் உறவுமுறை உதவும். ஆனால் நீங்கள் எந்தக் குடி என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால் சிலர் உங்களிடம் சிலவற்றைச் சொல்லமாட்டார்கள். அயலூரென்றால் அந்தத் தடை குறையும், வாசல் திறக்க நாள் பிடிக்கும். முதல் முயற்சிக்குத் தாயின் ஊர் நல்லது. இங்கே குடி தாய்வழியில் வருவதால் அங்கே உங்களுக்கு ஒரு முறையான இடம் ஏற்கெனவே இருக்கும்.

போகுமுன் நாட்காட்டியைப் பாருங்கள். கண்ணகை (கண்ணகி) அம்மன் கோயில்கள் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். கதவு திறத்தல், கலியாணக்கால் நடுதல், கண்ணகி கதைப்பாட்டான வழக்குரையைப் படித்தல், பொங்கல், அம்மனைக் குளிரவைக்கும் திருக்குளிர்த்தி என்று நாட்கள் நகரும். மாமாங்கத்துக்கு ஆடி அமாவாசைத் தீர்த்தம். பாண்டிருப்பில் பாரதப் படிப்பு, வனவாசம், தவநிலை, தீமிதிப்பு என்று பதினெட்டு நாள். சடங்கு நடக்கும்போது கேள்வி கேட்கப் போகாதீர்கள். பூசை செய்யும் கப்புகனாருக்கும் வண்ணக்கருக்கும் அப்போது மூச்சுவிட நேரமிராது, நோன்பிலும் இருப்பார்கள். அந்த நாட்களில் பார்க்கவும் குறிக்கவும் மட்டும் செய்யுங்கள். யார் எங்கே நின்றார், எதை யார் தூக்கினார், கோயில் மரியாதையான காளாஞ்சி முதலில் யாருக்குப் போனது என்று எழுதுங்கள். பேச்சைச் சடங்கு முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நினைவு சூடாக இருக்கும், ஆட்களும் ஓய்வாக இருப்பார்கள்.

யாரிடம் கேட்பது

குறைந்தது நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரும் நாலு இடத்தில் நிற்பவர்களாக இருக்கவேண்டும்.

முதலாமவர் பூசை செய்பவர். கண்ணகை கோயிலென்றால் கப்புகனார் அல்லது கட்டாடியார். அவர் கதையில் மந்திரமும் விதியும் அதிகம் வரும். இரண்டாமவர் வண்ணக்கர். அவர் சொல்வதில் குடியும் முறையும் முன்னுரிமையும் இருக்கும். 'கல்வெட்டில் இருக்கிறது' என்று அவர் சொன்னால் உடனே கல்லைத் தேடி ஓடாதீர்கள். இந்தப் பகுதியில் கோயில் உரிமைகளைச் சொல்லும் பாடல்களுக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். ஏட்டில் இருக்கிறதா, கொப்பியில் எழுதிவைத்திருக்கிறாரா, மனப்பாடமா என்று மட்டும் கேளுங்கள்.

மூன்றாமவர் ஒரு பெத்தா, அதாவது பாட்டி. கோயில் நிர்வாகத்தில் இடமில்லாத வயதான பெண்களிடம் கதையின் வேறொரு பக்கம் இருக்கிறது: நேர்த்தி, நோய், பிள்ளைப்பேறு, கனவில் அம்மாள் வந்தது. சபையார் 'அதெல்லாம் பொம்பிளையள் கதை' என்று தள்ளுவார்கள். நீங்கள் தள்ளாதீர்கள். தெய்வம் ஒரு வீட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

நாலாமவர் கோயிலுக்கு வெளியே நிற்பவர். பக்கத்து ஊர்க்காரராகவோ பக்கத்து ஊர் முஸ்லிம் பெரியவராகவோ இருக்கலாம். கல்முனையில் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போகும் தமிழர்களும், தமிழர் கோயில் கதைகளைத் தெரிந்த முஸ்லிம்களும் இருக்கிறார்கள். வெளியாள் சொல்லும் கதையில் ஊரார் மறைக்கும் ஒரு முடிச்சு அவிழ்ந்து கிடக்கும்.

போகும்போது வெற்றிலை பாக்கு கொண்டுபோங்கள். வட்டா என்ற தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவதே முறை. முதல் நாளே ஒலிப்பதிவு வேண்டாம். வந்த காரணத்தைச் சொல்லி, நாள் கேட்டு, வாருங்கள்.

கேட்கும் விதம்

'இந்தத் தொன்மத்தின் அர்த்தம் என்ன?' என்று கேட்டால், எதிரில் இருப்பவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் திருப்பிச் சொல்வார் அல்லது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைச் சொல்வார். அர்த்தத்தை யாரிடமும் கேட்கக்கூடாது, அது நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியது. கேட்கவேண்டியவை நிகழ்ச்சிகளும் விதிகளும்:

'பெத்தா, அம்மாள் இஞ்ச எப்பிடி வந்தாவாம்?'
'இதை உங்களுக்கு ஆர் சொன்ன?'
'இந்த நாள்ல என்ன செய்யப்படா? செஞ்சா என்ன நடக்கும்?'
'ஆர் முதல்ல போகணும்? ஏன் அவங்க?'
'வேற ஊரில வேற மாதிரிச் சொல்றாங்களாமே?'

கடைசிக் கேள்வியை இறுதியில் கேளுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால் அவர் வாதத்தில் இறங்கிவிடுவார், கதை வராது. 'செய்யப்படா' என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம் தரும். கதையின் உயிர் அதன் தடைகளில் இருக்கிறது. மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்பவர் ஏன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கிறார் என்று கேட்டால், கதிர்காமமும் வேடரும் வேலும் தாமாகவே பேச்சுக்கு வந்துவிடும்.

இடையில் குறுக்கிடாதீர்கள். அவர் ஒரு பெயரைத் தவறாகச் சொன்னதுபோல் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். அந்தத் 'தவறு' பக்கத்து ஊரிலும் வந்தால் அது இன்னொரு வடிவம்.

பாடலாக இருந்தால் முழுமையாகப் பாடவிடுங்கள். வழக்குரையில் மதுரை எரியும் இடத்தோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். சூடேறிய தெய்வத்தைக் குளிரவைக்காமல் விடக்கூடாது என்பது இங்குள்ள நம்பிக்கை. குளிர்ச்சிக் காதைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். சடங்குக் காலத்துக்கு வெளியே பாடமுடியாது என்று அவர் சொன்னால் அதோடு விடுங்கள். அந்த மறுப்பையே ஒரு செய்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு

விலையுயர்ந்த கருவி தேவையில்லை. போனில் வேவ் வடிவத்தில் பதியும் செயலி ஒன்றைப் போடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் போதும். மணிநேரத்துக்கு ஏறக்குறைய 350 மெகாபைட் போகும், மெமரியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பி3 சிறியது, ஆனால் பாடலின் மெல்லிய ஒலிகளும் உடுக்கின் முழக்கமும் கெடும். போனை விமான நிலையில் போட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், மடித்த துவாயின்மேல் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் தேநீர்க் கோப்பை வைக்கும் சத்தம்கூட இடியாய்க் கேட்கும்.

வைகாசியில் கச்சான் காற்று பெரிய எதிரி. முற்றத்து மாமர நிழல் உட்கார நன்றாக இருக்கும், பதிவு பாழாகும். வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்தி, காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி இருங்கள். கோயிலில் ஒலிபெருக்கிக் குழாயின் கீழே நின்று பதியாதீர்கள்.

தொடங்கியதும் நாள், ஊர், பேசுபவர் பெயர், பதிய அனுமதி தந்தாரா என்பதை அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். அன்றிரவே இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் இந்தக் கரையில் என்ன செய்தன என்று தெரிந்தவர்கள், ஒரே இடத்தில் ஒரே படியை வைக்கமாட்டார்கள்.

எழுத்தில் இறக்குதல்

ஒரு மணிநேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணிநேரம் ஆகும். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். 'அம்மாள் பெட்டிக்குள்ள மிதந்து வந்தாவாம் மனே' என்பதை 'அம்பாள் பேழையில் மிதந்து வந்தருளினாள்' என்று மாற்றினால் மூன்றை இழப்பீர்கள். பெத்தா பேரனுக்குச் சொன்ன கதை என்பது போய்விடும். தான் கண்டதல்ல, கேட்டது என்று அவர் காட்டும் அந்த 'ஆம்' போய்விடும். எளிமையாகப் பேசப்பட்ட தெய்வம் மேடைத் தெய்வமாகிவிடும். கோயில் மலருக்குச் செந்தமிழில் எழுதலாம், ஆனால் அது இரண்டாவது பிரதி. மூலப்பிரதியைத் தொடாதீர்கள்.

அடுத்தது, கதையைத் துண்டுகளாகப் பிரித்தல். கொக்கட்டிச்சோலையை எடுத்தால்: காட்டில் வேடர், கொக்கட்டி மரத்தில் கோடரி, இரத்தம், லிங்கம் காணப்படுதல், கோயில் எழுதல், பறங்கியர் (போர்த்துக்கேயர்) வருகை, கல்நந்தி எழுந்து புல் தின்று சாணமிடுதல். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரிசை, கதை சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு நிரல் என்று ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். சொன்னதற்குப் புள்ளடி, மாற்றிச் சொன்னதற்கு மாற்றம், சொல்லாததற்கு வெற்றிடம். வெற்றிடங்களைத்தான் நீண்ட நேரம் பார்க்கவேண்டும். வேடரை ஒருவர் விட்டுவிட்டு நேராக அரசரில் தொடங்கினால், கோயிலின் முதல் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அவர் ஒரு பதில் சொல்லிவிட்டார். பறங்கியர் பகுதியை மட்டும் ஒருவர் விரித்துச் சொன்னால், அவருக்கு அந்தக் கதை அந்நியருக்கு முன் தலைநிமிரும் கதை.

நாலு வடிவங்களையும் கலந்து ஒரு 'முழுமையான' கதை செய்யாதீர்கள். இந்தத் துறையில் நடக்கும் மிகப் பெரிய நாசம் இதுதான். அப்படிச் செய்த கதை ஊரில் எவர் வாயிலும் இல்லாத கதை. அச்சேறியதும் பத்து ஆண்டில் எல்லாரும் அதையே சொல்லத் தொடங்குவார்கள், நாலும் அழியும்.

கதை என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது

இங்கேதான் அர்த்தம் கிடைக்கிறது. பயிற்சிக்குக் கண்ணகை கதையைவிட நல்லது கிழக்கில் இல்லை. இளங்கோவின் சிலப்பதிகாரம் எழுத்தில் இருக்கிறது, நம் கோயில்களில் படிக்கும் கண்ணகி வழக்குரை இருக்கிறது, ஊராரின் வாய்க்கதையும் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகார் வணிகன் மாநாய்கனின் மகள். வழக்குரையில் அவள் பாண்டியனின் தோட்டத்து மாங்கனியாக வருகிறாள். நெற்றிக்கண் கொண்ட கொடிய பாண்டியனை அழிக்கவே வருகிறாள். பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கையில் சேர்கிறாள். இந்த ஒரு மாற்றம் கதையின் எடையையே மாற்றிவிடுகிறது. இளங்கோவின் பாண்டியன் தவறு செய்து, அது தெரிந்த கணமே உயிர்விட்ட அரசன். வழக்குரையின் பாண்டியன் தொடக்கத்திலிருந்தே அழியவேண்டியவன். அங்கே மதுரை எரிவது ஒரு பெண்ணின் துயரத்தின் முடிவு. இங்கே அது தெய்வம் வந்த காரியம். சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலோட்டுவதும், வெடியரசனோடு போர் நடப்பதும் வழக்குரையில் நீண்டு கிடக்கின்றன. கடலோடிய மக்களின் நினைவு காப்பியத்துக்குள் தனக்கு இடம் பிடித்திருக்கிறது.

பிறகு முடிவைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சேரநாட்டு மலைக்குப் போகிறாள், வானூர்தியில் கோவலனோடு மேலே போகிறாள், செங்குட்டுவன் சிலை எடுக்கிறான், 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' அங்கே வந்து நிற்கிறான். நம் கோயிலில் முடிவு குளிர்த்தி. சூடு தணியவேண்டும், மழை பெய்யவேண்டும், அம்மை நோய் விலகவேண்டும். சடங்கு வருவதோ வெயில் ஏறி நிற்கும் வைகாசியில். கதையின் தீயும் ஊரின் வெக்கையும் ஒரே நாளில் தணிக்கப்படுகின்றன. இதைத்தான் கதையின் வேலை என்கிறோம். ஏட்டை மட்டும் படித்தால் இது பிடிபடாது. யார் எந்த மாதத்தில் எதைச் செய்துகொண்டு படிக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

கொம்புமுறி என்ற விளையாட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். தோற்றவரை வசைபாடுவார்கள், பிறகு எல்லாரும் ஒன்றாகப் பொங்குவார்கள். கதையில் தீராமல் நின்ற கணவன் மனைவி பூசல், ஊரளவில் விளையாட்டாகி முடிகிறது. சிங்கள மக்கள் பத்தினி தெய்வத்துக்கு ஆடும் அங்கெலிய இதே விளையாட்டு. இப்போது கொம்புமுறி அரிது; பார்த்த முதியவர்கள் இருக்கும்போதே விதிகளைக் கேட்டு எழுதுங்கள்.

கடலில் மிதந்துவரும் பெட்டியையும் தொடர்ந்து போகலாம். கண்ணகி பெட்டியில் வருகிறாள். மட்டக்களப்பு மான்மியம் என்ற ஊர் வரலாற்று நூலில் வரும் அரசி ஆடகசவுந்தரியும் பெட்டியில் வருகிறாள். மகாவம்சத்தில் களனி அரசனின் மகள் பொற்பாத்திரத்தில் கடலில் விடப்பட்டு உருகுணையில் கரைசேர்கிறாள். பாரதத்தில் கர்ணன் ஆற்றில் வருகிறான். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்று சண்டைபிடிப்பதில் பயனில்லை. கரையோர மக்கள் ஒரு பெரிய பெண்ணையோ தெய்வத்தையோ தங்கள் மண்ணுக்கு உரியவராக்க இந்தத் துண்டைப் பயன்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து வந்தவர், ஆனால் கடலே கொண்டுவந்து தந்தவர். ஆகவே நம்மவர்.

எங்கே பிழைக்கும்

கதையை ஆண்டுக்கணக்காக்குவது முதல் பிழை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். இந்த ஆண்டுகள் உறுதி. அதை வைத்து 'ஆகவே நந்தி புல் தின்றது இந்தப் பத்தாண்டுக்குள்' என்று எழுதக்கூடாது. பறங்கியரை மக்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் அந்தக் கதை சான்று.

ஊர்ப்பெயர் விளக்கங்கள் இரண்டாவது. முக்குவர் எனும் தமிழ்ச் சமூகத்தார், பட்டாணியர் எனும் முஸ்லிம்களின் துணையோடு, திமிலர் எனும் இன்னொரு சமூகத்தாரைத் துரத்திய கதையில் சத்துருவைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான், சந்தித்த இடம் சந்திவெளி, வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை, பகைவர் திரும்ப ஏறாமல் காத்த இடம் ஏறாவூர். பெயருக்கு அது உண்மையான காரணமா என்பது மொழியியலாளர் வேலை. உங்களுக்கு முக்கியமானது வேறு: பக்கத்துப் பக்கத்தில் வாழும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒரு பழைய கூட்டு இருந்தது என்று இந்தக் கதை இரு பக்கத்திலும் சொல்லப்படுகிறது. இரண்டு பக்கத்திலும் கேட்டு, யார் எந்த இடத்தில் அழுத்துகிறார்கள் என்று குறியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதிய பதிவு தீங்கு செய்யும்.

'அறிவியல் விளக்கம்' சேர்ப்பது மூன்றாவது. மரத்தில் வடிந்தது சிவப்புப் பால் என்று எழுதுவதால் எதுவும் விளங்கிவிடாது. சொன்னவர் மனம் புண்படுவதுதான் மிச்சம்.

நாலாவது, வெளியிடும் அவசரம். காளாஞ்சி வரிசை, தேர்வடம் பிடிக்கும் உரிமை, எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை என்பவை கதையோடு பின்னிக்கிடக்கும். காலிங்காகுடியார் ஒரு மாதிரியும் படையாண்டகுடியார் இன்னொரு மாதிரியும் சொன்னால், ஒன்றை மட்டும் முகநூலில் போடுவது சண்டைக்கு வித்து. இத்தகைய உரிமைகள் நீதிமன்றம் வரை போகும். இரண்டையும் பெயர் நீக்கி, 'ஒரு சாரார்', 'மற்றொரு சாரார்' என்று சேர்த்தே வெளியிடுங்கள், அல்லது அந்தப் பகுதியை மூடிவையுங்கள். மந்திரங்களை எந்த நிலையிலும் வெளியிடாதீர்கள். மறைவாகச் சொல்லப்படுவது மறைவாகவே இருப்பதுதான் அதன் விதி.

திருப்பிக் கொடுத்தல்

எழுதி முடித்ததும் சொன்னவரிடம் போய் அவர் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். கண் தெரியாத முதியவர் என்றால் ஒலியைப் போட்டுக் காட்டுங்கள். நீக்கச் சொன்னதை நீக்குங்கள், சேர்க்கச் சொன்னதை நாளிட்டுத் தனியாகச் சேருங்கள்.

அச்சுப்படி ஒன்று கோயிலுக்கு, ஒன்று ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று பொது நூலகத்துக்கு. மின்பிரதியை நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் போன்ற பொதுச் சேமிப்பில் வைக்கலாம், சொன்னவர் இணங்கினால் மட்டும். முதற்பக்கத்தில் ஊர், கோயில், பதிந்த நாட்கள், சொன்னவர்களின் வயதும் பொறுப்பும், எந்தப் பகுதி மூடப்பட்டது, யாரிடம் கேட்டால் திறக்கலாம் என்பவற்றை எழுதுங்கள். ஒலிக்கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், ஊர், சொன்னவருக்கான எண் என்ற வரிசையில் இருக்கட்டும். அடுத்த வைகாசிக்கு அதே ஊரில் இன்னொருவர் தொடங்கும்போது எதை ஏற்கெனவே கேட்டாயிற்று, எது மிச்சம் என்று அந்தப் பட்டியலிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும்.